பெயரை மாற்றிச் சொன்ன பிரவுசர்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள்: நான். கரும்பு வெட்டுகிற வேலைக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு வந்த அஞ்சலை. அவள் மகள் பவித்ரா, கள்ளக்குறிச்சியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. சிட்டா நகல் எடுக்க வந்து, எடுத்த பிறகும் ஃபேன் காற்றுக்காக உட்கார்ந்துவிட்ட சுப்பராயன் மாமா. நாலு மணிக்கு மேல் சின்னசேலத்திலிருந்து பைக்கில் வந்து சேர்ந்த தனசேகர். மொத்தம் ஐந்து பேர். வேறு யாரும் இல்லை.

எதற்கு இப்படிச் சாட்சிப் பட்டியல் மாதிரி எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். நாளைக்கு யாராவது வந்து விசாரித்தால் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது இல்லையா? நடந்து இரண்டு மாதம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கும் அதே பயம்தான்.

கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டை ஒட்டி என் ஜெராக்ஸ் கடை இருப்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான்தான் ஊரில் பாதிப் பேருக்கு ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறேன் என்பதும் தெரியும். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பழகிய பக்கம் என்றால் எந்த மூலையில் எந்தப் பட்டன் என்று கைக்குத் தெரியும். புதிதாக ஒரு பெட்டி திறந்து ஏதாவது கேட்டால்... மூடிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

கடையில் இருப்பது பழைய கம்ப்யூட்டர். புது விண்டோஸை அது தாங்காது என்றார்கள். பழையதையே ஓட்டினால் பாதுகாப்பு இல்லை என்றார்கள். புது மெஷின் வாங்கக் கையில் பணம் இல்லை. அப்போதுதான் ரிப்பேர் பார்க்கிற தனசேகர் சொன்னான் — "விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுக்கலாம்க்கா. ஃப்ரீதான்."

ஃப்ரீ என்ற வார்த்தையைக் கேட்டால் பர்ஸ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிற ஆள் நான்.

"யாரு தம்பி ஃப்ரீயா குடுக்கறது?"

"உலகம் பூரா இருக்கறவங்க சேந்து எழுதறாங்கக்கா."

"எதுக்கு?"

"எதுக்குன்னா... எழுதறாங்க. அவ்ளோதான்."

இது ஒரு பதிலா? முகம் தெரியாத ஆயிரம் பேர் உட்கார்ந்து எனக்காகச் சும்மா எழுதித் தருகிறார்களாம். என் சொந்தத் தம்பி ஒரு லைட் மாட்டிக் கொடுக்க மூன்று முறை கேட்க வைப்பான்!

போட்டுக்கொண்டேன். வேறு வழியில்லை. ஆனால் சும்மா விடவில்லை, கண்காணித்தேன். எந்தத் தளத்தைத் திறந்தாலும் முதலில் வேண்டுமென்றே தப்பான பாஸ்வேர்டைப் போடுவேன். தப்பையும் சரி என்று வாங்கிக்கொண்டால் அது டூப்ளிகேட் தளம். மதியம் சாப்பிடப் போகும்போது நெட் ஒயரைப் பிடுங்கி டிராயரில் வைத்துப் பூட்டுவேன். நான் இல்லாத நேரத்தில் அது யாரிடமும் பேசக் கூடாது.

லினக்ஸ் ஒரு தப்பும் செய்யவில்லை. ஒரே ஒருநாள் மட்டும் பழைய மனு ஃபைல்களைத் திறந்தபோது, "அனுப்புநர்" என்று வர வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டியது. பழைய ஃபான்ட்டைக் கொண்டுவந்து போட்டதும் சரியாகிவிட்டது. அதன் பிறகு குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. குறையே இல்லாதவர்களைத்தானே இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்?

இந்த நிலைமையில்தான் அஞ்சலையும் பவித்ராவும் வந்தார்கள். மணி மூன்றே கால்.

பவித்ராவுக்கு ஒரு கல்வி உதவித்தொகை. எந்தத் துறை, எந்தத் தளம் என்று எழுத மாட்டேன். அன்று மாலை ஐந்து மணியோடு தளத்தை மூடிவிடுவார்கள். ஏன் கடைசி நாள் வரை காத்திருந்தார்கள்? வருமானச் சான்று அன்று காலையில்தான் கைக்கு வந்தது. அந்த உதவித்தொகையை வைத்துத்தான் பவித்ரா அடுத்த தவணை ஃபீஸ் கட்ட வேண்டும். கட்டவில்லை என்றால்?

"நின்னுட வேண்டியதுதான்" என்றாள் அஞ்சலை. "என்னோட கரும்புக்கு வரட்டும். கத்தி ஒண்ணு கூட இருக்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பவித்ரா சிரிக்கவில்லை. ஒன்பதாவதோடு நின்ற எனக்கும் சிரிப்பு வரவில்லை.

தளத்தைத் திறந்தேன். முகப்புப் பக்கம் வந்தது. "விண்ணப்பிக்க" என்ற பட்டனை அமுக்கினேன். வெள்ளைப் பக்கம். நடுவில் சிவப்பில் இரண்டு வரி ஆங்கிலம்.

"இன்னாம்மா போட்டுக்குது?" என்றேன் பவித்ராவிடம்.

"உங்க பிரவுசர்ல இந்தத் தளம் வேலை செய்யாதுன்னு போட்டிருக்கு ஆன்ட்டி."

மறுபடி அமுக்கினேன். அதே இரண்டு வரி. இன்னொரு பிரவுசரில் திறந்தேன். அதே. பவித்ராவின் போனில் பார்த்தோம். அங்கே படிவம் வந்தது. ஆனால் சான்றிதழை ஏற்றுகிற பட்டன் திரையை விட்டு வெளியே எங்கோ போய் ஒளிந்துகொண்டது. எவ்வளவு இழுத்தாலும் வரவில்லை.

கள்ளக்குறிச்சிக்குப் போய்ப் போடலாமா? அடுத்த டவுன் பஸ் நாலு மணிக்கு. போய் இறங்கி, ஒரு சென்டரைத் தேடி, வரிசையில் நின்று... ஐந்துக்குள் நடக்குமா?

எனக்குத் தெரிந்துபோயிற்று. எல்லாம் அந்த லினக்ஸ். இத்தனை நாள் நல்ல பிள்ளையாக இருந்து, சமயம் பார்த்துக் கழுத்தை அறுத்துவிட்டது. தனசேகருக்கு போன் போட்டேன்.

"இன்னா தம்பி பண்ணி வெச்சிருக்க? ஒரு பொண்ணோட படிப்பு போவப் போவுது!"

அவன் பதறவில்லை. "அக்கா, அது ரெண்டு நிமிஷ வேலை. நான் ஒரு நம்பர் சொல்றேன், அத்த நான் போட்டு வெச்சிருக்கற ரிமோட் ஆப்ல போடுங்க. இங்கேர்ந்தே உங்க ஸ்கிரீன எடுத்துச் சரி பண்ணிடறேன்."

இங்கிருந்தேயா? சின்னசேலத்தில் உட்கார்ந்துகொண்டு என் கம்ப்யூட்டருக்குள் கை விடுவானாம். நான் வாயைத் திறப்பதற்குள் சுப்பராயன் மாமா குரல் கொடுத்தார்.

"வுடாத மல்லிகா! நைனார்பாளையத்துல ஒருத்தன் இப்டித்தான் நம்பர் போட்டான். அக்கவுண்ட தொடச்சி வெச்சிட்டானுங்க."

"அதெல்லாம் வேணாம் தம்பி. நீ நேர்ல வா" என்றேன்.

"அக்கா, வர நாப்பது நிமிஷம் ஆவும்..."

"பரவால்ல. வா."

போனை வைத்தேன். அஞ்சலை என்னையே பார்த்தாள். "யக்கா, அவுரு அங்கேர்ந்தே பண்ணட்டுமே. மணி ஆவுது."

"உனக்குத் தெரியாது அஞ்சல. காலம் கெட்டுக் கெடக்குது."

பவித்ரா சுவர்க் கடிகாரத்துக்கு நேராக ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நாலு மணி பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு, போயே போய்விட்டது. அப்போதுதான் எனக்கு உள்ளே சுருக்கென்றது. நான் பாதுகாத்துக்கொண்டிருப்பது என் கம்ப்யூட்டரை. செலவாகிக்கொண்டிருப்பது அந்தப் பெண்ணின் நேரம்.

தனசேகர் நாலு இருபத்தைந்துக்கு வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தான். நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு விரலையும் பார்த்தேன். பிரவுசரில் ஏதோ ஒன்றைச் சேர்த்தான். ஒரு பட்டியல் விரிந்தது. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். பக்கத்தைப் புதுப்பித்தான்.

படிவம் முழுசாக வந்து நின்றது.

"இன்னா பண்ண?" என்றேன். சந்தோஷத்தில் கேட்கவில்லை. சந்தேகத்தில்தான் கேட்டேன்.

"ஒண்ணும் பண்லக்கா. சைட்டுக்குள்ள போறப்ப ஒவ்வொரு பிரவுசரும் தன் பேரச் சொல்லணும். நான் இன்னார், இன்ன சிஸ்டத்துலேர்ந்து வரேன்னு. இது உண்மையச் சொல்லிக்கினு இருந்துச்சு — லினக்ஸ்னு. அவங்க லிஸ்ட்ல அந்தப் பேரு இல்ல. அதான் வெளிய நிக்க வெச்சிட்டாங்க. இப்ப விண்டோஸ்னு சொல்ல வெச்சிருக்கேன்."

"அப்ப உள்ள வேற எதுவும் மாறலியா?"

"பேரு மட்டுந்தான்."

அஞ்சலை எழுந்து வந்து திரையை உற்றுப் பார்த்தாள். "அடங்கொப்புரானே... இதுவும் எந்தத் தெருன்னு கேட்டுக்கினுதான் உள்ள வுடுதா?"

சுப்பராயன் மாமா சிட்டா நகலைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறும் வெள்ளைத் தாள்தான்.

"எங்க பெரியப்பன் மவன் டவுன்ல வாடகைக்கு வூடு பாக்கப் போனான்" என்றாள் அஞ்சலை, யாரையும் பார்க்காமல். "மூணு எடத்துல ஊரு பேரக் கேட்டுட்டு இல்லன்னுட்டாங்க. நாலாவது எடத்துல வேற ஊரு பேரச் சொன்னான். சாவியக் குடுத்துட்டாங்க."

"யம்மா, சும்மா இரு. எனக்கு டைப் பண்ணணும்" என்றாள் பவித்ரா.

அவளே அடித்தாள். என்னைவிட வேகம். மதிப்பெண், வருமானம், வங்கிக் கணக்கு. வருமானச் சான்றின் அளவு பெரியது என்று தளம் திருப்பி அனுப்பியது. தனசேகர் சுருக்கிக் கொடுத்தான். மணி நாலு ஐம்பது. கடைசிப் பக்கம் வந்தது. கீழே ஒரு சின்னக் கட்டம் — மேலே கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதி அளிக்கிறேன், பொய் எனத் தெரிந்தால் விண்ணப்பம் ரத்து.

நான் மவுஸைப் பிடித்துக்கொண்டேன். "இரும்மா. டிக் பண்ணாத."

"ஏன் ஆன்ட்டி?"

"நாம பொய் சொல்லித்தான உள்ள வந்துக்குறோம்? நாளைக்குக் கண்டுபுடிச்சா?"

தனசேகர் தலையில் கை வைத்துக்கொண்டான். சுப்பராயன் மாமாகூட, "அட, பொண்ண வுடு மல்லிகா" என்றார். பவித்ரா என் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"பொய் சொன்னது பிரவுசர் ஆன்ட்டி. கட்டத்துல டிக் போடறது நான். என் மார்க் உண்மை. எங்க அம்மா கூலி உண்மை. அவங்க கேக்கறது அதைத்தானே?"

டிக் போட்டாள். சமர்ப்பித்தாள். வட்டம் சுற்றியது... சுற்றியது... ஒப்புகை எண் வந்தது. நாலு ஐம்பத்தாறு. அஞ்சலை அந்தத் தாளை வாங்கி நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். படிக்கத் தெரியாதவள், மடிப்பதற்கு முன்னால் ஒருமுறை முழுக்கப் பார்த்தாள்.

மற்றவர்கள் போன பிறகு தனசேகரிடம் கேட்டேன். "தம்பி, அந்தச் சைட்டு லினக்ஸ்ல ஓடாதுன்னு போட்டாங்களே... ஓடுதே?"

"ஓடும்க்கா. யாரும் ஓட்டிப் பாத்திருக்க மாட்டாங்க. கேட்டா, லினக்ஸ்ல யாரு வரப் போறாங்கன்னு சொல்வாங்க."

"அதான் நாம போனோமே?"

"போனோம். அவங்க கணக்குல நாம விண்டோஸ்."

இதைத்தான் நான் இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் நிறுத்துகிறார்கள். பெயரை மாற்றிச் சொன்னால் விடுகிறார்கள். அதனால் எல்லோரும் மாற்றிச் சொல்கிறார்கள். பிறகு வருகைப் பதிவேட்டைப் பார்த்து, "அந்தப் பேரில் யாருமே வருவதில்லையே, அவர்களுக்காக எதற்கு மெனக்கெட வேண்டும்?" என்கிறார்கள். லினக்ஸ் ஏன் பரவவில்லை என்று யாராவது ஆராய்ச்சி செய்தால் என் கடைக்கு வரட்டும். அன்று அது வந்ததற்குச் சாட்சி ஐந்து பேர் இருக்கிறோம். பதிவேட்டில் மட்டும் இல்லை.

நான் இத்தனை நாள் எதைச் சந்தேகப்பட்டேன்? சும்மா கிடைத்ததை. உண்மையைச் சொன்னதை. நாற்பது நிமிஷம் வெயிலில் பைக் ஓட்டி வந்தவனை. சிவப்பு எழுத்தில் இரண்டு வரி போட்டதே, அந்தத் தளத்தை ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. அதில் அரசு முத்திரை இருந்தது. முத்திரை இருந்தால் கையைக் கட்டி நிற்கிற பழக்கம். பள்ளிக்கூடம் போன எட்டு ஒன்பது வருஷத்தில் கற்றது அது ஒன்றுதானோ என்னவோ.

இதோடு முடிந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். முடியவில்லை. சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு அஞ்சலை வருகிறாள். பொய்ப் பெயரோடு தளத்துக்குள் போய்ப் பார்க்கிறேன். "பரிசீலனையில் உள்ளது." போன சனியும் அதுதான். அதற்கு முந்தின சனியும் அதுதான். பிரவுசர் பெயர் மாற்றியதைக் கண்டுபிடித்து நிறுத்தி வைத்திருக்கிறார்களோ என்று எனக்குள் குடைச்சல். ஃபீஸை இப்போதைக்கு அஞ்சலை, கரும்பு வெட்டு வேலை கொடுக்கிற மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கட்டியிருக்கிறாள். அடுத்த வெட்டு முடியும் வரை அவனை விட்டுப் போக முடியாது.

பயத்தைப் பவித்ராவிடமே சொல்லிவிட்டேன். அவள் தன் வகுப்பில் விசாரித்துவிட்டு வந்தாள். இந்தத் தடவை சிரித்தாள்.

"பயப்படாதீங்க ஆன்ட்டி. விண்டோஸ்னு உண்மையச் சொல்லி உள்ள போன பதினோரு பேருக்கும் இன்னும் வரல."

ஆக, வாசலில் மட்டும்தான் ஆள் பார்க்கிறார்கள். உள்ளே எல்லோரும் ஒன்றுதான்.

பவித்ராவுக்கு வர வேண்டிய பாக்கி: பன்னிரண்டாயிரம் ரூபாய்.