சாக்குக் கை

ஞாயிற்றுக்கிழமைகளில் நாய்க்கடி வாங்கப் போவேன் என்றால் யாரும் நம்புவதில்லை. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் என் பக்கத்து அறைக்காரர், "அதுக்கு லீவு நாள்ல நல்லா தூங்கலாமே சார்" என்றார். தூங்கலாம்தான். தூங்கி எழுந்தால் மதியத்தில் அந்த அறை எப்படி இருக்கும் என்று அவருக்கு எங்கே தெரியும்? அவர் குடும்பத்தோடு இருப்பவர்.

என் மனைவியும் மகளும் விருதுநகர்ப் பக்கம். மகள் படிப்பு கெடக் கூடாது என்று நான் மட்டும் ஓசூருக்கு வேலைக்கு வந்தேன். தினமும் போன் உண்டு. "சாப்டீங்களா?" "சாப்ட்டேன்." பிறகு இருவரும் அடுத்த பேச்சைத் தேடிக்கொண்டிருப்போம். அதற்குள் அங்கே குக்கர் விசில் அடித்துவிடும்.

மத்திகிரி கால்நடைப் பண்ணையைத் தாண்டி ஒரு பொட்டல் மைதானம். சிலர் அங்கே தங்கள் நாய்களைப் போட்டிகளுக்குப் பழக்குவார்கள். அதற்குத் திருடனாக நடிக்க ஓர் ஆள் வேண்டும். வேறு யார், நான்தான். இடது கையில் தடித்த சணல் உறையை மாட்டிக்கொள்வேன். சாக்குக் கை என்று அதற்கு நானே பெயர் வைத்திருந்தேன். நான் ஓட, நாய் பாய்ந்து வந்து அதை வாய் நிறையக் கவ்வ வேண்டும். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு மதிப்பெண். நன்றாகக் கடித்த நாயிடம் உறையைக் கழற்றிக் கொடுத்துவிடுவோம். அதுதான் அதற்குப் பரிசு.

அங்கே ஒரு பெட்டை அல்சேஷன் இருந்தது. நான் பஸ்ஸை விட்டு இறங்கி வருவதைத் தூரத்தில் பார்த்ததுமே அதற்கு நிலைகொள்ளாது. இந்த ஊரில் என்னைப் பார்த்து ஓடி வந்த ஜீவன் அது ஒன்றுதான். கடிக்க ஓடி வந்தது என்பது வேறு விஷயம்.

அதை வளர்த்தவர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தார். பட்டறையை விற்றுவிட்டு பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போகிறார். அடுக்குமாடியில் நாய்க்கு இடமில்லை. கர்நாடக போலீஸ் நாய்ப் பிரிவில் அவருக்குத் தெரிந்த ஒருவர் வந்து பார்ப்பதாகச் சொன்னார். அவர்கள் குட்டியாகத்தான் எடுப்பார்கள், வளர்ந்த நாயைத் தொடமாட்டார்கள். ஏதோ பழக்கத்துக்காக அந்தப் போலீஸ்காரர் ஒத்துக்கொண்டார். தேறாவிட்டால் சொந்தக்காரர் ஒருவரின் கல் குவாரிக்குக் காவல். குவாரி நாய்களை நான் பார்த்திருக்கிறேன். சங்கிலி எட்டும் வட்டத்துக்குள் புல்கூட முளைக்காது.

போலீஸ்காரர் சாதாரண உடையில் வந்தார். வந்ததும் சாக்குக் கையை ஓரமாக வைக்கச் சொன்னார்.

"நெஜத் திருடன் இத மாட்டிக்கிட்டு வரமாட்டான் சார். நாயி ஆள புடிக்கணும்." சட்டைக்குள் மறைவாகக் கட்டிக்கொள்ள ஒரு மெல்லிய காப்புறையைக் கொடுத்தார்.

கட்டிக்கொண்டேன். என் கவலை கையைப் பற்றி அல்ல, நாயைப் பற்றி. இத்தனை நாளும் ஒரே மைதானம், ஒரே உறை, ஒரே திருடன். வெறுங்கையோடு வரும் மனிதனைக் கடிக்க அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சாக்குக் கையைப் பண்ணை மதிலோரம் போட்டுவிட்டு ஓடினேன். அது பாய்ந்து வந்தது. என்னை ஒரு சுற்றுச் சுற்றி, இடது கையை முகர்ந்து, முகத்தை அண்ணாந்து பார்த்தது. கத்தினேன், கையிலிருந்த குச்சியை ஓங்கினேன். வாலை ஆட்டியது.

"கடிச்சுத் தொலையேன்டி" என்றேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டேன். அப்படி நான் அதை அடித்ததே இல்லை. அது விலகி ஓடியது. பயந்துவிட்டது என்று நினைத்தேன்.

மதிலோரம் போய்ச் சாக்குக் கையைக் கவ்வி, தரையில் இழுத்துக்கொண்டே வந்து என் காலடியில் போட்டது. போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தது.

"கெலசக்கெ ஆகல்ல" என்றார் போலீஸ்காரர். வேலைக்கு ஆகாதாம். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, தமிழில் சேர்த்துச் சொன்னார். "இதுக்கு நீங்க திருடன் இல்ல சார். கூட வெளையாடற ஆளு."

லேத் பட்டறைக்காரர் அவரிடம் தலையாட்டிவிட்டுப் போனை எடுத்தார். "சரிப்பா, குவாரிக்கே சொல்லிட்றேன்."

எனக்குக் கொடுங்கள் என்று வாய்வரை வந்தது. மாடியில் ஒற்றை அறை. மாறி மாறி ஷிப்ட். நான் வரும்வரை அது பூட்டிய கதவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

அது இன்னும் எதிரே உட்கார்ந்திருந்தது. குனிந்து சாக்குக் கையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

வாய் நிறையக் கவ்வியது. போட்டியென்றால் முழு மதிப்பெண். உறையைக் கழற்றி அதனிடமே விட்டேன். காரில் ஏற்றும்போதும் அது அதை விடவில்லை. இருக்கட்டும், அதுவும் குவாரிக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து அறைக்காரர் சொன்னபடி நன்றாகத் தூங்கினேன். எழுந்தபோது மதியம்.