டிரைவர் பொண்டாட்டி ஊர் பார்த்த நாள்

ஊரைச் சுற்றிக் காட்டுகிற பஸ்ஸை ஓட்டுகிறவன் புருஷன். ஆனால் அவன் பொண்டாட்டி அந்த ஊரில் ஒன்றையும் பார்த்ததில்லை. தையல் மெஷினை மிதித்தே அவள் காலம் போனது. கோட்டை, ஏரி, மலையுச்சி எல்லாம் அவன் சாப்பிடும்போது சொன்ன கதைதான். விளக்குக்கு அடியில் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

கம்பெனியில் ஒரு சட்டம். டிரைவர் தன் குடும்பத்தை வண்டியில் ஏற்றக் கூடாது. ஏற்றின ஒருத்தனுக்கு அன்றைக்கே சீட்டுக் கிழிந்தது. இருந்தும் கூட்டமில்லாத ஒரு நாளில், "கடைசி சீட்டு காலியாத்தான் கிடக்கு, வா. என்னைத் தெரியாத மாதிரி உக்காந்துக்கோ" என்றான். டிக்கெட் எடுக்காமல் ஏறினாள்.

கோட்டையும் ஏரியும் நல்லபடியாகத்தான் போயின. மலையடிவாரத்தில் செக்கர் ஏறினார். டிரைவரின் பின்கழுத்து விறைத்ததை அவள் கடைசி சீட்டிலிருந்தே பார்த்தாள். வளைவுப் பாதையில் நிற்க முடியாது, உச்சியிலிருந்து திரும்பி ஏறும்போது வாசலில் நின்று டிக்கெட் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். டிக்கெட் இல்லாதவள் இவள் ஒருத்திதான்.

வாயையாவது கட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அதுதான் கிடையாதே. அதுவரை பக்கத்து சீட்டுக்காரியிடம் அளந்துகொண்டே வந்திருந்தாள். அந்த மகராசி இப்போது செக்கரைக் கூப்பிட்டாள்.

"சார், இவங்க முதல் தடவை வர்றாங்களாம். ஆனா அடுத்த வளைவுல என்ன வரும்னு முன்னாடியே சொல்றாங்க."

செக்கர் திரும்பினார். "யாரும்மா சொன்னது உங்களுக்கு?"

"எங்க வீட்டுக்காரர்."

"அவர் என்ன வேலை பாக்கறார்?"

"ஊர் சுத்தறதுதான் வேலை. எனக்கு வாய்ச்சது அப்படி."

பஸ்ஸே சிரித்தது. டிரைவர் மட்டும் கியரைக் கடகடவென்று மாற்றினான். செக்கரும் சிரிக்கவில்லை.

உச்சியில் எல்லோரும் இறங்கிப் பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள். இவள் பார்த்தது செக்கரைத்தான். அவர் வாசலை விட்டு நகரவில்லை. ஹாரன் அடித்ததும் கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டாள். அன்றைக்கு அதுதான் கடைசி வண்டி என்பது அவளுக்குத் தெரியும். யாரோ, அந்தம்மாவைக் காணோமே என்றார்கள். இன்ஜின் உறுமியபடியே நின்றது.

போ, போய்த் தொலை என்று பல்லைக் கடித்தாள்.

வண்டி நகர்ந்தது. வளைவில் மறைந்தது. பொழுது சாய, கடைக்காரர்கள் கடையைச் சாக்கால் மூடிவிட்டுக் கிளம்பினார்கள். வேலை பிழைத்தது என்று பெருமூச்சு விட்டவள், இருட்டுகிற பாதையைப் பார்த்தாள். மனசுக்குள் புருஷனை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினாள். போகச் சொன்னதும் அவள்தான், போனதற்குத் திட்டியதும் அவள்தான்.

கீழே வளைவில் இன்ஜின் இழுக்கிற சத்தம் கேட்டது. திருப்ப இடமில்லாமல் பஸ் பின்பக்கமாகவே மேலே ஏறி வந்து நின்றது. டிரைவர் இறங்கினான். ஜன்னலெல்லாம் தலைகள்.

"ஏறு. செக்கர்கிட்ட சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"என் பொண்டாட்டி மேல நிக்கிறா, அவ இல்லாம வண்டி போகாதுன்னு."

"அறிவிருக்கா உங்களுக்கு? நாளைக்கு உலையில எதைப் போடறது?"

"வீட்ல போய்த் திட்டு. இருட்டுது."

ஏறினாள். செக்கர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். இடம் கொடுத்தாரே தவிர, மறுநாள் வேலை போய்விட்டது.

இப்போது அவன் தண்ணி லாரி ஓட்டுகிறான். மலைமேல் என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டால், "பஸ்ஸோட பின்பக்கத்தை" என்கிறாள்.