என் குசினியை யார் பார்க்கப் போகிறார்கள்?

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு நவம்பர் மாதம். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் முழங்கால் வரைக்கும் மழைத்தண்ணீர் நின்ற வாரம். இடம், கொழும்பில் ஒரு வரிக் கந்தோர், அரசாங்க அலுவலகம். வரி என்ற சொல்லைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நானும் அப்படிப் புரட்டிக்கொண்டே இருந்தவள்தான்.

நான் செய்யும் வேலை சமையல் வீடியோ. வெள்ளவத்தையில் ஒரு சின்ன வாடகை வீடு, அதைவிடச் சின்னக் குசினி. அதற்குள் நின்று இடியப்பமும் ஒடியல் கூழும் கணவாய்க் கறியும் சமைத்து, அதைப் படம் பிடித்து இணையத்தில் போடுவேன். விளையாட்டாகத்தான் தொடங்கினேன். கணவருக்கு வேலை போனபிறகு அதுவே எங்கள் வீட்டுச் சோறு ஆகிவிட்டது. விளம்பரக் காசு வரும், இடைக்கிடை ஒரு மசாலாத்தூள் கம்பனியும் தரும். ஆனாலும் சொந்தக்காரர்களிடம் யாராவது கேட்டால், "சும்மா வீட்டில இருக்கிறா" என்றுதான் என்னைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு அது பொல்லாத கோபம்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் வீட்டை விற்கப்போவதாகச் சொல்லிவிட்டார். மார்கழி முடிவதற்குள் நாங்கள் எழும்ப வேண்டும். இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வீடு பார்த்தோம். மகளின் பாடசாலைக்கு நடந்தே போகலாம். ஆனால் ஆறு மாத வாடகையை முற்பணமாகக் கேட்டார்கள். அந்தக் காசை நான் வங்கியில் சேர்த்து வைத்திருந்தேன். சரி, தப்பினோம் என்று மூச்சு விடும்போது, வருமான விபரம் கொடுக்கும்படி வரிக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது.

வந்த காசு முழுவதற்கும் வரி போட்டுப் பார்த்தேன். முற்பணத்தில் பெரும்பகுதி போய்விடும். தொழிலுக்குச் செய்த செலவுகளைக் கழித்துக் காட்டலாம் என்று தெரியும். ஆனால் அதற்கு பில் வேண்டுமே! நான் கடை வாசலிலேயே பில்லைக் கசக்கி எறிகிற ஆள்.

கணவரின் ஒன்றுவிட்ட தமையன் ஒருவர் இருக்கிறார். ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை. அவரைக் கூப்பிட்டோம். அத்தான் வந்தார், தேத்தண்ணியைக் குடித்தார், குசினியை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இவ்வளவும் கிடக்குது, பிறகென்ன யோசினை? எல்லாத்தையும் தொழில் செலவு எண்டு எழுதும்."

"எல்லாம் வீட்டுப் பாவனைச் சாமான் அத்தான். அதோட இந்த ஃப்ரிட்ஜ் அண்ணா தந்ததெல்லோ."

"ஆர் தந்தா என்ன, பில் உம்மட வீட்டு விலாசத்துக்குத்தானே கிடக்குது? எழுதும், எழுதும். ஆர் உம்மட குசினியை வந்து பாக்கப் போகினம்?"

அத்தானை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பேனை பிடித்தது என் கைதான். ஃப்ரிட்ஜ் எழுதினேன். மகளின் பாடசாலை லேப்டாப் எழுதினேன். மச்சாளின் கலியாணத்துக்கு உடுத்த பட்டுச் சேலையையும் "படப்பிடிப்பு உடை" என்று எழுதினேன். எழுத எழுத வரி குறைந்துகொண்டே வந்தது. எனக்கு உசாரும் கூடிக்கொண்டே வந்தது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

படிவத்தில் சில இடங்கள் விளங்காததால் கந்தோரின் உதவிப் பிரிவுக்குப் போனேன். நனைந்த குடையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் இருந்திருப்பேன். என் முறை வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒரு முஸ்லிம் பிள்ளை, தலையில் முந்தானை, என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். மேசை லாச்சியில் பாதி சாப்பிட்ட மாரி பிஸ்கட் பக்கற். களைத்துப் போன முகம். தமிழில் கதைத்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

"என்ன தொழில், அக்கா?"

"வீடியோ செய்யிறனான், மிஸ்."

"என்ன மாதிரி வீடியோ? சேனல்ட பேர சொல்லுங்களே, பார்த்தாத்தான் எனக்கு விளங்கும்."

நான் பெருமையாகப் பெயரைச் சொன்னேன். தொழில் என்று ஒருவர் மதித்துக் கேட்கிறாரே! அவர் தன் போனில் தட்டிக்கொண்டே மற்றக் கையால் என் பட்டியலைப் பார்த்தார். விரல் ஃப்ரிட்ஜில் நின்றது. போனைப் பார்த்தார். திரும்பப் பட்டியலைப் பார்த்தார். பிறகு திரையில் ஒரு தட்டு.

அமைதியாக இருந்த அந்த மண்டபத்தில் என் குரல் கேட்டது.

"பாருங்கோ மக்களே! என்ர அண்ணா கனடாவில இருந்து வாங்கித் தந்த ஃப்ரிட்ஜ்! நான் ஒரு சதமும் குடுக்கேல்ல. இதுக்குள்ள இருக்கிற குளிர்கூட அவற்ர காசுதான்!"

ஐயோ கடவுளே! எனக்குக் காது இரண்டும் நெருப்பாகக் கொதித்தது. வரிசையில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பக்கத்துக் கதிரையில் இருந்த சிங்கள மனிதர் எட்டித் திரையைப் பார்த்துவிட்டு, "ஃப்ரிட்ஜ் எக லஸ்ஸனய், நங்கி" என்றார். அழகான ஃப்ரிட்ஜாம்! அந்த நிமிடம் அந்த ஃப்ரிட்ஜுக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

யார் என் குசினியைப் பார்க்கப் போகிறார்கள்? ஊர் உலகமே பார்க்கிறது. பார்க்கச் சொல்லிக் கெஞ்சுகிறதே நான்தான். அதுதானே என் பிழைப்பு! இந்தச் சின்ன விஷயம் எழுதும்போது என் மண்டையில் ஏறவில்லை. கலியாண வீட்டு வீடியோவில் அந்தப் பட்டுச் சேலையோடு நான் ஆடியதும் அங்கேதான் இருக்கிறது. மகளுக்கு லேப்டாப்பைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்ததும் அங்கேதான் இருக்கிறது. பொய் சொல்ல நினைக்கிற எவளாவது இப்படி நாள், நேரம் போட்டுச் சாட்சி வைப்பாளா?

அந்தப் பிள்ளை சத்தத்தைக் குறைத்தார். இனிக் குற்றப்பணம், விசாரணை, வீடும் போச்சு என்று நான் மனதுக்குள் அழத் தொடங்கிவிட்டேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? பட்டியலை மடித்து, மேசையின் மேல் என் பக்கமாகத் தள்ளிவிட்டார்.

"இத நீங்க இன்னும் குடுக்கல்ல அக்கா. கேக்கத்தானே வந்தீங்க? வீட்ட போய்த் திரும்ப எழுதுங்க. உண்மையா உங்கட காசு போனத மட்டும் எழுதுங்க."

"அப்பிடி எழுதினா ஒண்டும் மிஞ்சாது மிஸ்" என்றேன். முற்பணம், வீடு, மார்கழி என்று கேட்காததை எல்லாம் சொல்லிவிட்டேன்.

அவர் சத்தம் இல்லாமல் என் வீடியோக்களை ஒன்றொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஒரு வெற்றுத் தாளை எடுத்தார்.

"இந்த லைட் யார்ட காசு? மைக்? வீடியோவ யாரு வெட்டி ஒட்டுற?"

கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்ணுக்கு மாதாமாதம் வங்கியில் காசு போட்டு அதைச் செய்விப்பதாகச் சொன்னேன்.

"அத ஏன் எழுதல்ல? இன்டர்நெட் பில்லுல தொழிலுக்குப் போற பங்கு? வீடியோ எடுக்கத்தான் போனீங்கண்டா, போன த்ரீவீல் காசு? சொந்தச் சாமான எல்லாம் எழுதியீக்கிறீங்க, தொழில் சாமான் ஒண்டும் இல்லையே அக்கா!"

அவர் கேட்கக் கேட்க எனக்கே ஆச்சரியம். அத்தான் சொன்னபடி குசினியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த நான், படம் பிடிக்கிற கமராவை எழுத மறந்திருக்கிறேன்! அதைத்தான் தினமும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், கண்ணில் படவில்லை. பெரிய சாமான்களின் விலையை ஒரே வருடத்தில் கழிக்க முடியாது, வருடம் வருடமாகப் பிரித்துத்தான் கழிக்கலாம் என்றும் விளக்கினார். மீனையும் இறாலையும் பற்றிக் கேட்டேன்.

"சமைச்சுட்டு யார் சாப்பிடுற?"

"நாங்கதான்."

"அப்ப அது உங்கட வீட்டுச் சாப்பாடு" என்று சிரித்தார். மசாலாத்தூள் கம்பனிக்காகச் சமைத்து, மற்றவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்ததை மட்டும் எழுதலாம் என்றார். பில் இல்லை என்று நான் சொன்னதற்கு, வீடியோவில் நாள் இருக்கிறதே, அந்த நாளைச் சொல்லிக் கடையில் பிரதி கேளுங்கள் என்றார். கிடைக்காததை விட்டுவிடுங்கள் என்றும் சொன்னார். பின்னால் ஆட்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த வாரம் வரச் சொல்லி, அந்தத் தாளை என் கையில் தந்தார்.

அந்த வாரம் முழுவதும் மழைக்குள் அலைந்தேன். மைக் வாங்கிய காலி வீதிக் கடை முதலாளி முதலில் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். தினம் எத்தனை பேர் வருகிறார்கள், உங்கள் பில்லை எங்கே தேடுவது என்றார். நான் போனை எடுத்து, அவருடைய கடையில் நின்று மைக் பெட்டியைத் தூக்கிக் காட்டும் என் வீடியோவைப் போட்டேன். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

"இந்தா நானும் நிக்கிறேனே! முதல்லயே சொல்லியிருந்தா நல்ல சேட்டு ஒண்டு உடுத்தியிருப்பேனே தங்கச்சி!"

தன்னை மூன்று தடவை பார்த்து ரசித்துவிட்டு, அந்த நாளைக் கணினியில் தேடிப் பிரதி எடுத்துத் தந்தார். லைட் வாங்கிய கடையிலும் கிடைத்தது. ஒரு கடை மூடிப் போயிருந்தது, அதை விட்டேன். கொட்டாஞ்சேனைப் பெண் ஒவ்வொரு மாதத்துக்கும் பற்றுச்சீட்டு எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தார்.

அடுத்த வாரம் போனேன். அவர் ஒவ்வொன்றாகச் சரி பார்த்தார். இரண்டை வெட்டினார், மற்றதெல்லாம் சரி என்றார். கட்ட வேண்டிய வரி நான் முதலில் பயந்ததில் பாதிகூட இல்லை. மகளின் சங்கிலியை மூன்று மாதம் அடகு வைக்க வேண்டி வந்தது உண்மைதான். ஆனால் முற்பணம் கொடுத்தோம், வீடு கிடைத்தது.

எழும்பும்போது கேட்டேன்: "அண்டைக்கு ஏன் மிஸ் என்ர பேப்பரைத் திருப்பித் தந்தனீங்கள்?"

"நீங்க குடுக்க முன்னுக்கு கேக்கத்தானே வந்தீங்க, அதுல ஒண்டும் இல்ல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா அந்த வீடியோல நீங்க அண்ணனப் பத்திக் கதைச்சிட்டு அழுதீங்க அக்கா. அந்த ஃப்ரிட்ஜ உங்கட செலவுண்டு எழுதினா, அவர் தந்தது இல்லாமப் போகுதே. எனக்கு அதுதான் ஒரு மாதிரி ஆச்சு."

அண்ணா ஒரு பேக்கரியில் விடியப்புறம் மூன்று மணிக்கு மா பிசையும் வேலை செய்கிறவர். கணவருக்கு வேலை போன மாதம், நான் கேட்காமலே அனுப்பிய ஃப்ரிட்ஜ் அது. வரியைக் குறைப்பதற்காக, அவர் எனக்கு ஒன்றுமே தரவில்லை என்று எழுதிக் கையெழுத்து வைக்கப் போயிருக்கிறேன். கந்தோர்ப் படியில் நின்றபடியே அவருக்குக் கோல் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "ஃப்ரிட்ஜ் வேலை செய்யுதோ?" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வீடியோ போடட்டுமா என்று கேட்டபோது, வேண்டவே வேண்டாம் என்று கையை ஆட்டினார். அதனால்தான் பெயர் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன். இப்போது வருடா வருடம் படிவத்தை நிரப்ப உட்காரும்போது, செலவுகளை எழுத முன்பு, எனக்கு மற்றவர்கள் தந்தவற்றை வேறொரு தாளில் எழுதிப் பிரித்து வைக்கிறேன். அதை எந்தக் கந்தோரும் கேட்பதில்லை, ஆனால் இரண்டு பட்டியலில் எப்போதும் அதுதான் நீளமாக இருக்கிறது.