கேட்காதவர்களுக்குப் போன கல்யாணப் பத்திரிகை

சௌந்தரவல்லி ஏற்கெனவே ஒருமுறை இயந்திரத்தோடு சேர்த்து வேலையை இழந்தவர். 1986இல் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் தட்டச்சுச் செய்தியைக் கம்பியில் அனுப்பும் டெலக்ஸ் இயந்திரத்துக்கு ஆபரேட்டராகச் சேர்ந்தார். ஃபேக்ஸ் வந்ததும் டெலக்ஸை நிறுத்தினார்கள், அவரையும் நிறுத்தினார்கள். இரண்டு வருடம் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் சும்மா இருந்துவிட்டு, ராஜபாளையத்திலேயே பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் கோதண்டராம ராஜாவிடம் வேலைக்கு வந்தார்.

1998இல் அங்கே இமெயில் வந்தது. கம்பெனி பெயரில் ஒரு டொமைன். மெயில் சர்வர் மதுரை நிறுவனம் ஒன்றினுடையது. கம்பெனியின் இமெயிலைப் பார்த்துக்கொள்வதுதான் சௌந்தரவல்லியின் வேலை. ஃபேக்ஸுக்கு ஆள் தேவையில்லை. பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்த வாட்ச்மேன் வேல்சாமியே அனுப்பிவிடுவார்.

1999 பிப்ரவரியில் முதலாளி மகளுக்குக் கல்யாணம். தொழிலில் இருக்கிற ஒருவரை அழைக்காமல் விட்டாலும் வருடக்கணக்கில் சொல்லிக் காட்டுவார்கள். அதனால் உள்ளூரில் வீடு வீடாகப் பத்திரிகை வைத்து முடித்தார் ராஜா. பிறகு சௌந்தரவல்லியிடம் ஒரு சிடியைக் கொடுத்தார். உலகம் முழுக்கத் துணி வாங்குகிறவர்களின் இமெயில் முகவரி, 2,800.

"ஒருத்தரையும் விட்றாதம்மா."

அவர் விடவில்லை. மூன்றாம் நாளிலிருந்து, கம்பெனி அனுப்பும் மெயில்கள் எல்லாம் திரும்பி வரத் தொடங்கின. மதுரையிலிருந்து போன்.

"உங்க பத்திரிகையால எங்க சர்வரையே பிளாக்லிஸ்ட்ல போட்டுட்டான். இதே சர்வர்ல இருக்கிற இன்னும் பன்னெண்டு கம்பெனியோட மெயிலும் போகல. வெள்ளிக்கிழமைக்குள்ள எடுக்க வைங்க. இல்லன்னா உங்க டொமைனை நிறுத்திருவோம்."

அன்று திங்கள். குப்பை மெயில் அனுப்பும் சர்வர்களை வெளிநாட்டில் சிலர் பட்டியல் போட்டு வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து உலகத்தின் பல மெயில் சர்வர்கள் அவற்றுக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும். முதலாளிக்கு இதை விளக்க அரை மணி நேரம் ஆனது.

"ஆகலைன்னா விடும்மா. பழைய ஃபேக்ஸ் போதும்."

வேல்சாமி சௌந்தரவல்லி பக்கம் திரும்பாமல் சொன்னார்: "ஃபேக்ஸ்னா நான்தான் மேடம். நீங்க பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டியதுதான்."

"கிண்டல் பண்ணாதீங்கண்ணே. செத்த நேரம் சும்மா இருங்க."

பட்டியல்காரர்களின் இணையப் பக்கத்தில் ஒரு படிவம் இருந்தது. சௌந்தரவல்லி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் அடித்தார். இது விளம்பரம் இல்லை, கல்யாண அழைப்பு. எங்கள் ஊரில் அழைக்காமல் விடுவதுதான் அவமரியாதை. புதன்கிழமை பதில் வந்தது, இரண்டே வரி. பத்திரிகை கிடைத்தவர்கள் அதைக் கேட்டார்களா? அந்த முகவரிகள் இப்போது எங்கே?

பதிலைப் படித்த ராஜாவுக்கு முகம் வாடிவிட்டது.

"தப்புதாம்மா. அம்புட்டு பேருக்கும் மன்னிப்புக் கேட்டு ஒரு லெட்டர் போடு. என் பேர்லயே."

நேரில் போய் மன்னிப்புக் கேட்டுப் பழகியவர், மனதாரச் சொன்னார். சௌந்தரவல்லி விசைப்பலகையில் கை வைக்கவில்லை.

"போட்டா அதுவும் கேக்காம போற லெட்டர்தான் முதலாளி. பொறவு ஜென்மத்துக்கும் எடுக்க மாட்டான்."

"மன்னிப்புக் கேக்கக்கூடக் கூடாதா? என்னம்மா ஊரு அது?"

"ஏன் அனுப்பினீங்கன்னு கேட்டு எழுதினவங்க ஒம்பது பேரு. அவங்களுக்கு மட்டும் எழுதுறேன்."

ராஜாவின் கண்ணெதிரே சௌந்தரவல்லி முகவரிக் கோப்பை அழித்தார். சிடியை எடுத்து வேல்சாமியிடம் கொடுத்தார். அவர் அதைக் காலுக்குக் கீழே வைத்து உடைத்தார்.

பட்டியல்காரர்களுக்கு எழுதிய இரண்டாவது கடிதம் நான்கு வரி. அவர்கள் கேட்கவில்லை. அனுப்பியது நான். முகவரிகளை அழித்துவிட்டேன். கேட்காதவருக்கு இனி எதுவும் போகாது. 'அனுப்பியது நான்' என்பதை மாற்றச் சொன்னார் ராஜா. நான் சொல்லித்தானே அனுப்பினாய் என்றார். பொத்தானை அழுத்தியது தான்தான் என்று அப்படியே விட்டுவிட்டார் சௌந்தரவல்லி.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்குப் பட்டியலிலிருந்து சர்வரை எடுத்தார்கள். மூன்று மணிக்கு ஹாம்பர்க் வாடிக்கையாளருக்குப் போன மெயில் திரும்பி வரவில்லை. சௌந்தரவல்லி ஐந்தேகால் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போனார். திங்கட்கிழமை வழக்கம்போல வந்தார்.

அடுத்த ஆண்டு அதே மதுரை நிறுவனம், பட்டியலில் மாட்டிய வேறு கம்பெனிகளை அவரிடம் அனுப்பத் தொடங்கியது. போனில் எல்லோரும் தங்கள் பக்க நியாயத்தை நீளமாகச் சொல்வார்கள். சௌந்தரவல்லி கேட்டு முடித்துவிட்டு ஒன்றுதான் கேட்பார்.

"முகவரியெல்லாம் அழிச்சிட்டீகளா? அழிச்சிட்டுக் கூப்பிடுங்க. லெட்டர் நாலு வரிதான்."