தேசப்பன் ஆள் வைத்த கதை

எங்கள் தொழிலில் ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். அந்த ஆளை வேலை வாங்கக் கற்றுக்கொடுப்பதுதான் உயிர் போகிற வேலை.

கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு பஞ்சர் கடை மாடியில் எங்கள் ஆபீஸ். அடிபட்டோ பிறவியிலோ உடம்பு முடங்கியவர்கள், சொந்த வீட்டிலேயே இருந்துகொண்டு, தங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆளைத் தாங்களே தேர்ந்தெடுத்துத் தாங்களே வேலை வாங்க வேண்டும். அதற்குக் கூடமாட நிற்பது என் உத்தியோகம். ஆளின் சம்பளத்தில் ஒரு பங்கை எங்கள் டிரஸ்ட் கொடுக்கும். இரண்டு பக்கத்துத் திட்டையும் நான் வாங்கிக்கொள்வேன். வீட்டில் ஒருவரைத் தூக்கி, திருப்பி, துடைத்துவிட்டுப் பழகிய முதுகுவலிச் சொந்தங்களே, உங்களுக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகத் தேசப்பன் வீட்டுச் சங்கதியைச் சொல்கிறேன்.

டீ போடப் போன நேரம்

தேசப்பன் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லாரியில் வேலை பார்த்தவர். தார்ப்பாய் கட்டும்போது மேலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, கைகளில் பாதி பலம்தான். மனைவி ரேவதி பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பெண். குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, முதுகில் புண் வராமல் புரட்டிப் போடுவது என்று நான்கு வருஷமாக எல்லாம் அவள் ஒருத்தி.

முதல் நாள் நான் அவரைக் கேட்ட கேள்விக்கெல்லாம் அவள்தான் பதில் சொன்னாள். ராத்திரி தூக்கம் வருகிறதா என்றால், நல்லா தூங்குவாரு. வலி உண்டா என்றால், கொஞ்சம் இருக்கும். எனக்கு வாய் சும்மா இருக்காது. வாயில் அவருக்கு அடிபடவில்லையே அம்மா என்று சொல்லிவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, டீ போட எழுந்து போனாள். அவள் தலை மறைந்ததும் தேசப்பன் அவசர அவசரமாகப் பேசினார்.

"மேடம், அவ இப்ப எனக்கு நர்ஸம்மா ஆயிட்டா. அவளைக் குத்தம் சொல்லல. எனக்கு என் பொண்டாட்டி திரும்ப வேணும், அதுக்குத்தான் ஒரு ஆள் பாத்துக் குடுங்கன்றேன்."

குறை

அடுத்த வாரம் ரேவதியிடம் ஆள் வைக்கும் பேச்சை எடுத்தேன். அவர் சொன்ன காரணத்தை நான் சொல்லவில்லை. அது அவர் வாயால் சொல்ல வேண்டியது. உனக்கும் ஓய்வு வேண்டாமா, உன் முதுகும் முதுகுதானே என்று பொதுவாக இழுத்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்த லுங்கியை அப்படியே மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இத்தினி வருசத்துல அவரு முதுகுல ஒரு புண்ணு வந்துகீதா? நீங்களே திருப்பிப் பாருங்க. நான் பண்றதுல இன்னா கொறை கண்டுகினீங்க மேடம்?"

இன்டர்வியூ

எப்படியோ ரேவதியைச் சம்மதிக்க வைத்தோம். முதலாளி நீங்கள்தான், நீங்கள்தான் கேள்வி கேட்க வேண்டும் என்று தேசப்பனுக்கு ஒரு மத்தியானம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தேன். இதற்கு முன் யாரைப் பார்த்துக்கொண்டாய், லீவு போட்டால் முன்னாடியே சொல்வாயா, இப்படி. முதலில் வந்தவன் கட்டில் பக்கம் திரும்பாமலே, பேஷன்ட் எத்தனை கிலோ இருப்பார் என்று ரேவதியைக் கேட்டான். அடுத்தவன் கடைசி வரைக்கும் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தேசப்பன் இருவரையும் வேண்டாம் என்றார்.

மூன்றாவதாக வந்தவர் முனிரத்தினம். பள்ளிப்பட்டுக்காரர், ஐம்பது வயதுக்கு மேல், லோடுமேனாக இருந்துவிட்டு ஓர் ஆஸ்பத்திரி வார்டிலும் வேலை பார்த்தவர். ஆந்திர எல்லை என்பதால் யாரைப் பார்த்தாலும் நைனாதான். கட்டிலருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எந்தப் பக்கமாகத் தூக்கினால் உனக்கு வலிக்காது நைனா என்று அவர்தான் கேள்வி கேட்டார். தேசப்பனுக்கு நான் சொல்லிக்கொடுத்தது மொத்தமும் மறந்துபோனது. நாஷ்டா சாப்பிட்டாச்சா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் ரேவதி முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டே இட்லி கொண்டுவந்து வைத்தாள். எனக்குப் பாடம் வீணாய்ப் போன வருத்தம். முனிரத்தினம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"எங்கெங்கியோ வேலை கேட்டுப் போயிருக்கேன் மேடம், எவ்ளோ வெயிட்டு தூக்குவேன்னுதான் கேப்பாங்க. சாப்ட்டியான்னு கேட்டு வேலை குடுத்தது இந்த நைனா ஒருத்தருதான்."

திட்டுப் பாடம்

ஆள் வந்தாயிற்று, வேலை வாங்கத் தெரியவில்லை. தண்ணீர் கேட்பதற்கு முன்னால் தேசப்பன் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பார். அலுப்பாகத் தெரிந்தால் தாகத்தை அடக்கிக்கொள்வார். முனிரத்தினத்திடமும், சிரமம் இல்லேன்னா, முடிஞ்சா, என்று இழுப்பார். மனுஷனுக்கு இவர் கேட்கிறாரா வேண்டாம் என்கிறாரா என்றே புரியாது. பிடித்ததைச் சொல்லுங்கள், பிடிக்காததை அதைவிடத் தெளிவாகச் சொல்லுங்கள், இது தயவு இல்லை, அவருக்கு வேலை, என்று போகிறபோதெல்லாம் ஓதினேன். ஒரு நாள் முனிரத்தினத்திடமிருந்து போன். பிள்ளை பாஸான தகவல் சொல்கிற குரல்.

"மேடம், இன்னிக்கு டீயில சக்கரை பத்தலன்னு நைனா டம்ளரைத் திருப்பிக் குடுத்துட்டாரு. நல்லா வந்துக்கினு இருக்காரு."

ஓய்வு

அதற்குள் ரேவதியால் வந்தது பேஜாரு. முனிரத்தினம் தேசப்பனைப் புரட்டிப் போடும்போதெல்லாம் இவள் நிலைப்படியில் நின்று, அப்படியில்லை, இப்படி, என்பாள். இரண்டு எஜமானர்களுக்கு நடுவில் முனிரத்தினம் திண்டாடினார். மத்தியானத்தில் வெளியே எங்கேயாவது போய்விட்டு வா என்று நான் அவளை விரட்டினேன். அவளுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், பூ வாங்கி வைத்துக்கொண்டு, வேறு போக்கிடம் இல்லாமல் எங்கள் ஆபீஸ் மாடிக்கே வந்து நின்றாள்.

நாற்காலி போட்டுவிட்டு ஒரு போன் பேசித் திரும்பினேன். பீரோவில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, அவள் தூங்கிப்போயிருந்தாள். கீழே பஞ்சர் கடைக் காற்று மிஷின் அலறியது, அசையவில்லை. போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, வேலை எதையும் செய்யாமல் அவளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன். பொழுது சாயும்போது திடுக்கிட்டு எழுந்தாள். அவரைப் புரட்டுகிற நேரம் தாண்டிவிட்டதே, எழுப்பக் கூடாதா என்று என்னைக் கடிந்துகொண்டாள். நான் முனிரத்தினத்துக்குப் போன் போட்டு அவள் கையில் கொடுத்தேன். புரட்டியாச்சு, துடைச்சாச்சு, நைனா டிவி பாக்குறாரு என்று பதில் வந்தது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னிடம் கேட்டாள்.

"அப்ப, நான் இல்லாமலே நடந்துடுச்சா?"

கம்பெனி பஸ்

அதன் பிறகு அவளாகவே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பேக்கிங் கம்பெனியில் சேர்ந்தாள். காலையில் கம்பெனி பஸ், சாயங்காலம் அதே பஸ். ஒரு நாள் கவரைப்பேட்டைக்கிட்டே லாரிகள் மாட்டிக்கொண்டு பஸ் இருட்டின பிறகுதான் வந்திருக்கிறது. மறுநாள் எனக்குப் போன் செய்தாள். ஏதோ புகார் என்று நினைத்து நான் பேனாவைத் திறந்துகொண்டேன்.

"ஊட்டுக்குள்ள நொழைஞ்சதும், 'இன்னாடி இவ்ளோ லேட்டு'ன்னு கேக்குறாரு மேடம். அவரு அப்படிக் கேட்டு எத்தினி வருசமாச்சு. இத்தினி நாளு நான் எங்க போனேன், லேட்டா வர்றதுக்கு."

புளி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முனிரத்தினம் போனில் கிசுகிசுத்தார். ரெண்டு பேருக்கும் பயங்கரச் சண்டை, சீக்கிரம் வாங்க. பொண்டாட்டி திரும்ப வேண்டும் என்று கேட்டவருக்கு ஆளை வைத்துக் கொடுத்து, இருந்த பொண்டாட்டியையும் துரத்திவிட்டோமோ என்று வண்டியில் போகிற வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு போனேன்.

தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. மீன் குழம்பில் புளி அதிகம் என்று தேசப்பன் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான் ஆரம்பம். நான் போனபோது சண்டை அவளுடைய தம்பியைத் தாண்டி, இவருடைய அக்காவையும் தாண்டி, கல்யாணப் பந்தல் வரைக்கும் போயிருந்தது. அடிபட்ட நாளிலிருந்து வாங்க போங்க என்று பேசிக்கொண்டிருந்தவள், நீ, வா, போ என்று வெளுத்து வாங்கினாள். பையில் துணியைத் திணித்து, பழவேற்காட்டுக்கு அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றாள். போயேன், என்றார் தேசப்பன். நான் குறுக்கே புகுந்து, நீங்கள் அப்படிச் சொல்லலாமா என்று அவரிடம் ஆரம்பித்தேன். அவர் என்னைக் கையமர்த்தினார்.

"இருங்க மேடம். நாலு வருசமா வாயை மூடிக்கினு இருந்தேன். இவ கோச்சிக்கினு போய்ட்டா என்னை யாரு பொரட்டிப் போடுவாங்கன்ற பயம். இப்ப முனிரத்தினம் கீறாரு, நான் சண்டை போடுவேன்."

ரேவதி பையைப் பிடித்தபடி நின்றாள். படுத்துக் கிடக்கிற மனுஷனை எப்படித் திட்டுவது என்று அவளும் அத்தனை வருஷம் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அதை அப்போது மெதுவாகச் சொன்னாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. அவருக்கும்தான். எனக்கும் அடக்க முடியவில்லை. நான் கிளம்பலாம் என்று திரும்பினேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கட்டிலருகே போய் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அப்ப, நாலு வருசமா என் கொழம்பு நல்லாக்கீதுன்னு சொன்னியே, அத்தினியும் பொய்யா?"

ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பயமில்லாமல் சண்டை போட்டுக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்து கொடுப்பதற்கு எனக்கு மாதச் சம்பளம் என்று சொன்னால், எங்கள் வீட்டிலேயே யாரும் நம்புவதில்லை.