கொப்புளம் விழுந்த ஈரல்

டெல்ஃபினா ஆடு அறுத்தால் நாய்களுக்குக் கொண்டாட்டம். தோலை உரித்து முடிக்கும்வரை எல்லாம் வேலியோரம் எச்சில் ஒழுகக் காத்திருக்கும். குடலும் நுரையீரலும் அவற்றுக்குத்தான். ஈரலை மட்டும் புரட்டிப் பார்ப்பாள். நீர்க்கொப்புளம் தெரிந்தால் வீட்டுக்கு ஆகாது என்று அதையும் அப்படியே வீசிவிடுவாள். தென்னமெரிக்காவின் தெற்குக் கோடியில், படகோனியாவின் காற்றடிக்கும் மேட்டில் அவள் அப்பாவும் அப்படித்தான் செய்தார். பச்சையாகத் தின்னும் நாய்தான் பனியிலும் ஆட்டை விரட்டி மடக்கும் என்று நம்பினாள்.

ஒருமுறை கால்நடை டாக்டர் பெரால்தா ஜீப்பில் வந்து நாய்களுக்குப் புழு மாத்திரை கொடுத்தார்.

"அந்தக் கொப்புளத்துலதான் அக்கா புழு இருக்கு. தின்ன நாயோட வயித்துல வளர்ந்து, முட்டை அது முடியில ஒட்டிக்கும். தடவுற கைவழியா உங்க வயித்துக்குப் போயிரும். வேகவெச்சுப் போடுங்க, இல்லாட்டிப் புதைச்சிருங்க."

"விறகு நீங்க கொண்டாந்து தருவீங்களா டாக்டர்? எங்க அடுப்புக்கே முள்ளுச்செடியைத்தான் வெட்டிக்கிட்டு இருக்கோம்."

அவள் கணவன் அன்செல்மோ மாத்தே பானத்தை உறிஞ்சியபடி சிரித்தான். "நாய் கழுத்துல துண்டு கட்டி ஊட்டியும் விடு, டெல்ஃபி."

டாக்டரும் சிரித்துவிட்டுப் போனார். மாத்திரைகள் அலமாரியில் கிடந்தன.

அவர்கள் மகள் நோயெமிக்குச் சிஸ்பா என்றால் உயிர். செம்பட்டை நிறப் பெட்டைநாய். குளிர்காலத்தில் இரண்டும் ஒரே கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும். காலையில் அது முகத்தை நக்கித்தான் அவளை எழுப்பும். கம்பளி கத்தரிக்கும் பருவத்தில் நோயெமி விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, "வேலைன்னதும் உனக்கு வலி வந்துருமே" என்று டெல்ஃபினா ஏசினாள். மறுவாரம் பிள்ளை பட்டியிலேயே மயங்கி விழுந்தாள்.

நகரத்து ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஈரலில் முஷ்டி அளவு நீர்க்கட்டி.

"வீட்ல நாய்க்கு என்னம்மா போடுறீங்க?" என்று கேட்டார் ஆஸ்பத்திரி டாக்டர்.

"மிச்சம் மீதிதான் ஐயா" என்றாள் டெல்ஃபினா. வாய் கூசியது.

வெளியே வந்ததும் அன்செல்மோவிடம் பெரால்தா சொன்னதை நினைவுபடுத்தி அழுதாள். அவன் கேட்டான்: "எந்த நாய்?"

அவன் எதற்குக் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும், "இவகூடப் படுக்குறது சிஸ்பாதானே" என்றாள். ஆடுகளைப் பார்க்க ஊர் திரும்பிய அன்செல்மோ, அன்றே அதைப் பட்டிக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுட்டான்.

அறுவை முடிந்து வீடு வந்த பிள்ளை வாசலில் நின்று சீட்டியடித்தாள். "ஓடிப்போச்சும்மா" என்றாள் டெல்ஃபினா. நோயெமி வயிற்றைப் பிடித்துக்கொண்டே மேடெல்லாம் தேடி அலைந்தாள். பார்க்கப் பொறுக்காமல் அன்செல்மோதான் உண்மையைச் சொன்னான். நோயெமி அம்மாவைத்தான் பார்த்தாள்.

"அது என்னம்மா பண்ணுச்சு? நீ போட்டதத்தானே தின்னுச்சு."

விஷயம் தெரிந்த பெரால்தாவும் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்த மாத்திரைய ஒழுங்காக் குடுத்திருந்தாலே போதுமேக்கா. சுட்டு என்ன பிரயோஜனம்?"

அன்றிலிருந்து பாதியாக வெட்டிய இரும்புப் பீப்பாயில் வேகாமல் ஒரு துண்டுகூட நாய் வாய்க்குப் போகவில்லை. கொப்புளம் கண்ட உறுப்புகளை ஆழக் குழிவெட்டிப் புதைத்தாள். பக்கத்துப் பண்ணைக்காரர்கள், "என்ன டெல்ஃபினா, இன்னைக்கு நாய்க்கு விருந்தா?" என்று கேலி செய்வார்கள். அவள் பீப்பாய்க்கு அடியில் முள்ளுச்செடியைத் தள்ளிக்கொண்டிருப்பாள்.

நோயெமி நகரத்தில் ரொட்டிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே கல்யாணமும் முடித்தாள். போன கோடையில் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். நாய்கள் வாலை ஆட்டி ஓடி வர, குழந்தை அவற்றைப் பிடிக்கத் துள்ளியது.

"எல்லாம் வேகவெச்சுத்தான் போடுறேன் கண்ணு. மாத்திரையும் தவறாமக் குடுக்குறேன்" என்றாள் டெல்ஃபினா.

"தெரியும்மா."

சொல்லிவிட்டு, குழந்தையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.