பொங்காத பொட்டலம்

வேலாமணியைப் போன்ற பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. தேயிலை விலை விழுந்து அவள் வேலை பார்த்த எஸ்டேட் ஃபேக்டரியைப் பூட்டியதும், நான் வேதியியல் நடத்தும் பள்ளியின் ஆய்வகத்துக்குத் தற்காலிக உதவியாளராக வந்தாள். கண்ணாடிக் குழாயைத் தொடவே கை நடுங்கும். “உடைஞ்சா உடையட்டும்டி!” என்று நான்தான் அதட்டி அதட்டிப் பழக்கினேன்.

ஊட்டி ஈரத்தில் ரசாயனத் தூளெல்லாம் கட்டிதட்டிவிடும். அதனால் செய்முறைத் தேர்வுக்கான ஆக்ஸாலிக் அமிலப் பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், அடுப்பு மேடையில் காயவைத்து எடுத்து வருவாள். விஷம் என்று தெரிந்தும் தலையாட்டியவள் நான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை காலை அவள் கொண்டுவந்த தூளைச் சோதித்தேன். சோடியம் பைகார்பனேட் கரைசலில் அமிலத்தைப் போட்டால் நுரைக்க வேண்டும். ஒரு குமிழிகூட வரவில்லை.

“என்னத்தைக் கொண்டுவந்தே?”

அவள் முகம் வெளிறியது. “ஆப்பச் சோடாப் பொட்டலமும் அங்கதானுங்க மிஸ் இருந்துச்சு.”

அதே தூளில் வினிகரை ஊற்றினேன். புஸ்ஸென்று பொங்கியது. வாயுவைச் சுண்ணாம்பு நீரில் விட்டேன், பாலாக வெளுத்தது. கார்பன் டை ஆக்சைடுதான். ஆக, இங்கே இருப்பது சோடா. விஷம் அவள் வீட்டில்.

“ஐயோ, அவரு இன்னைக்குப் புள்ளைக்குப் போண்டா சுடறேன்னாருங்க!”

அவள் வீடு இருக்கும் காந்தல் பகுதிக்கு ஓடினோம். இறக்கத்தில் அவள் செருப்பு கழன்றது, நிற்கவில்லை. நானும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மாதாவே, அந்தக் குழந்தை வாயில் வைத்திருக்கக் கூடாது.

வாசலில் மகள் காயத்ரி காலித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். வேலாமணி அவள் வாயைத் திறந்து பார்த்தாள்.

“இன்னும் சுடவே இல்லம்மா,” என்று சிணுங்கியது குழந்தை.

உள்ளே எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. “வா புள்ள,” என்றார் கணவர் ஆறுக்குட்டி. “உன்ற சோடாவைப் பூராப் போட்டும் மாவு பொங்கல. கடையில புதுசு வாங்கியாந்து போட்டேன். இப்பப் பாரு!”

மாவு விளிம்பைத் தாண்டி நுரைத்தது. அது அமிலத்தில் சோடா விழுந்த நுரை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். குழாயைத் தொட நடுங்கியவள் ஒரே உதையில் குண்டானைக் கவிழ்த்தாள்.

“உப்புப் பாத்தீங்களா?” என்று கத்தினாள்.

“நாக்குல வெச்சேன். புளிச்சுது, துப்பிட்டேன்.”

அவரைக் குழாயடிக்கு இழுத்துப் போய் வாயைக் கொப்பளிக்க வைத்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தப்புப் பண்ணிட்டேனுங்க மிஸ். என்னை வேலையை விட்டு நிறுத்திராதீங்க.”

பொட்டலத்தை வீட்டுக்கு அனுப்பியவள் நான்.